பேச்சுவார்த்தை இல்லாத நீதிபதி

பெரிய கோர்ட்டுகளுக்கு நீதிபதிகளை எப்படிப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. படித்தவர்கள் மேடை போட்டு அதைப் பற்றிப் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஒன்றும் விளங்கியதில்லை. ஆனால் என் வீட்டுக்காரரை எப்படிப் பொறுக்கி எடுத்தார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பொறுக்க வந்த ஆளுக்கு மோர் கரைத்துக் கொடுத்தவளே நான்தான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. பல்லடம் போகும் ரோட்டில் எங்கள் ஊர். சின்ன ஊர்தான் என்றாலும் ஒரு பெஞ்சு கோர்ட்டு இருந்தது. சம்பளம் இல்லாத மாஜிஸ்திரேட்டுகள் மூன்று பேர் வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து, விளக்கில்லாமல் சைக்கிள் விட்டவன், ரோட்டை மறித்து மாட்டைக் கட்டியவன், சந்தையில் கைகலந்தவன் என்று வருகிறவர்களுக்கெல்லாம் அபராதம் போடுவார்கள். அவர்கள் சட்டம் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. வெளுத்த வேட்டியும் கொஞ்சம் நிலமும் மேலிடத்தில் நல்ல பேரும் இருந்தால் போதும். சட்டத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு குமாஸ்தா இருந்தார்.

அந்த மூன்று நாற்காலிகளில் ஒன்று காலியானது. அதில் இருந்தவரை அரசாங்கம் வேண்டாமென்று சொல்லிவிட்டது. பாவம், அவர் லஞ்சம் வாங்கினார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுச் சொல்ல முடியாது. அவருக்குச் சொந்தக்காரர்கள் அதிகம், அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் ஒருவனுக்கு இன்னொருவன் பங்காளியாக இருப்பான், இல்லாவிட்டால் மாமன் மச்சானாக இருப்பான். மூன்றாவது வகை கிடையாது. கூண்டில் ஏறுகிறவன் எல்லாம் "ஏனுங் மாமா, சௌக்கியமுங்களா, அத்தைக்கு முட்டிவலி பரவால்லீங்களா?" என்று ஆரம்பித்தால் அந்த மனுஷன்தான் என்ன செய்வார்? எல்லாரையும் விட்டுவிட்டார். எங்கள் ஊரில் குற்றமே நடப்பதில்லை என்று கணக்குக் காட்டியது கோர்ட்டு. போலீசுக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள்.

ஆகவே இந்தத் தடவை யாரோடும் ஒட்டும் உறவும் இல்லாத ஆளாகப் பார்த்துப் போடுவது என்று கோயமுத்தூரில் முடிவு செய்தார்களாம். அடேயப்பா, எப்பேர்ப்பட்ட யோசனை! கொங்குநாட்டில் அப்படி ஓர் ஆளுக்கு எங்கே போவது? பாதி ஜில்லாவைத் தேடிவிட்டு, கடைசியில் ஒரு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அவர் எதற்கு வந்தார் என்பதை நான் வேறு மாதிரி புரிந்துகொண்டேன். எங்கள் மகளுக்கு அப்போது மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தோம். சம்பந்தம் பேசுவதற்கு முன்னால் குடும்பம் எப்படி என்று விசாரிக்க ஒரு பொதுவான ஆளை அனுப்புவது எங்கள் பக்க வழக்கம். வந்தவர் வெயிலில் வந்த களைப்போடு உட்கார்ந்து, நிலம் எத்தனை, கிணறு எத்தனை என்று கேட்டுவிட்டு, "ஒறம்பரை எல்லாம் வந்து போறாங்களாங்க?" என்று கேட்டார். ஒறம்பரை என்றால் உறவுக்காரர்கள். மோர் கரைக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போனேன். ஏனென்றால் எங்கள் வீட்டு வாசற்படியை ஒரு சொந்தக்காரரும் மிதித்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

காரணம் என் வீட்டுக்காரர்தான். அவரைப் போல மரியாதைக்காரரைப் பார்க்க முடியாது. தெருநாயைக்கூட "அக்கட்டால போங்க" என்றுதான் விரட்டுவார். ஆனால் மரியாதை கொடுப்பதில் எவ்வளவு தாராளமோ, எதிர்பார்ப்பதில் அதைவிடத் தாராளம். பெரியப்பன் மகன் கல்யாணத்தில் அவரை இரண்டாம் பந்தியில் உட்காரச் சொன்னார்கள். இலையைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அதோடு அவர் பக்கத்துப் பங்காளிகள் போனார்கள். என் பக்கத்தில் எனக்கு இருந்தது ஒரே அண்ணன், காங்கேயத்துக்குப் பக்கத்தில். மாடு என்றால் அவருக்கு உயிர். அந்த அண்ணனிடம் மாட்டுச் சந்தையில், நூறு பேர் நடுவில், "மச்சான், உங்க எருது வண்டியில பூட்டுனாப் படுத்துக்குதுங்களே" என்று மிகுந்த மரியாதையோடு சொல்லிவிட்டார். பெற்ற பிள்ளையைக் குறை சொல்லியிருந்தால் அண்ணன் பொறுத்துக்கொண்டிருப்பார்.

இதையெல்லாம் எப்படி அந்த விசாரணைக்காரரிடம் சொல்வது? மழுப்பினேன். "வருவாங்க, போவாங்க" என்றேன். அவர் விடவில்லை. "கண்ணாலம் காட்சிக்கு நீங்க போறதுண்டுங்களா? உங்க அண்ணன் எப்போ வந்தாருங்க?" என்று தோண்டினார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "ஏனுங்க, இல்லாததை எதுக்குச் சொல்லோணும்? ஒருத்தரும் வாரதில்லீங்க. அவரு பங்காளியோடயும் பேசமாட்டாரு, எம்பட அண்ணனோடயும் பேசமாட்டாரு. இந்த ஊட்ல பொண்ணெடுக்க இஷ்டமிருந்தா எடுங்க, இல்லாட்டி மோரைக் குடிச்சுப்போட்டுக் கௌம்புங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்னதும் அழுகை வந்தது. மகளின் சம்பந்தத்தை என் வாயாலேயே கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த ஆளின் முகமோ மலர்ந்துவிட்டது. "ஒருத்தரோடயுமே பேசறதில்லீங்களா?" என்று ஆசையோடு இன்னொரு முறை கேட்டுக்கொண்டார். இரண்டாவது டம்ளர் மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த மாதம் என் வீட்டுக்காரர் மாஜிஸ்திரேட் ஆனார்.

அவர் கோர்ட்டு நடத்திய அழகைச் சொல்ல வேண்டும். மற்ற இரண்டு பேரில் ஒருவர் பருத்தி அரைக்கும் மில் வைத்திருந்தவர், உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார். இன்னொருவர் கட்சிக்காரர், யார் மனதும் நோகாமல் புன்னகை செய்வதோடு சரி. கேள்வி கேட்கும் வேலை இவர் தலையில் விழுந்தது. குற்றவாளியைப் பார்த்து, "வாங்க. வெயில்ல வந்திருக்கறீங்க, தண்ணி குடிச்சீங்களா? ஏனுங்க, லைட்டு இல்லாம சைக்கிள்ல வந்துட்டீங்களாமுங்களே, நெசமுங்களா?" என்பார். இவ்வளவு மரியாதையாகக் கேட்கிற மனுஷனிடம் எங்கள் ஊர்க்காரன் எவனால் 'இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்ல முடியும்? "ஆமாங்க" என்றுவிடுவான். "தப்புங்களே" என்பார் இவர். "தப்புத்தானுங்க" என்பான் அவன். அபராதத்தைக் கட்டிவிட்டு, "வாரனுங்க" என்று கும்பிட்டுவிட்டுப் போவான். சைக்கிளே ஓட்டத் தெரியாத ஒருவர் ஆள் மாறி வந்து, மறுத்துப் பேசக் கூச்சப்பட்டு, அபராதம் கட்டிப் போன கதையும் உண்டு. போலீசுக்காரர்களுக்குத் தீபாவளிதான்.

கோர்ட்டில் இப்படி என்றால் வீட்டில் வேறு கூத்து. பல வருஷம் எட்டிப் பார்க்காத ஒறம்பரை எல்லாம் வாழைத்தாரும் இளநீரும் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் இரண்டாம் பந்திப் பெரியப்பன் மகன். அவர் வந்த வாரத்தில் அவருடைய வண்டிக்காரன்மேல் ஒரு கேசு இருந்தது. அது தற்செயலாம். சண்டை போட்டவர்கள் எங்கள் பக்கத்தில் ராசியாவதற்கு மன்னிப்பு, காகிதம் எதுவும் வேண்டாம். வந்தவரைப் பார்த்து வீட்டு எஜமானர் "வாங்க" என்று சொல்லி ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தால் போதும், பழையதெல்லாம் தீர்ந்தது. என் வீட்டுக்காரரோ "வாங்க" சொல்வதற்கென்றே பிறந்தவர். ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். இவருக்கு ஊரில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பந்தியில் முதல் இலை. எனக்கும் சந்தோஷந்தான், ஏன் மறைக்க வேண்டும்? விசேஷ வீடுகளுக்குப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போகக் கிடைத்ததே. காரமடைப் பக்கமிருந்து மகளுக்கு நல்ல சம்பந்தமும் வந்து நிச்சயமானது.

ஆனால் கோர்ட்டுக்கு இது சங்கடமானது. சொந்தக்காரன் கேசில் நீதிபதி உட்காரக் கூடாது. எங்கள் ஊரிலோ சொந்தம் இல்லாதவன் கேசே கிடையாது. குமாஸ்தா கெட்டிக்காரர். 'பேச்சுவார்த்தை இருந்தால் சொந்தம், இல்லாவிட்டால் அந்நியம்' என்று, பழையவர் காலத்துக் கூத்துக்குப் பிறகு, தானே ஒரு சட்டம் செய்துவைத்திருந்தார். பேசுகிற சொந்தக்காரன் கேசு வந்தால் இவர் எழுந்து வெளியே போய் வேப்பமரத்தடியில் நிற்பார். பேசாதவன் கேசு வந்தால் உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு வாழைத்தார் வர வர, இவர் மரத்தடியில் நிற்கிற நேரம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் இவர் உட்கார்ந்து விசாரிக்கத் தோதான ஆள் ஒருத்தர்தான் மிச்சம். என் அண்ணன்.

அந்த அண்ணன் எனக்கு வேண்டியிருந்தது. கல்யாணத்தில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன்தான் பட்டம் கட்ட வேண்டும். தாய்மாமன் இருக்கும்போதே வேறு கை அதைக் கட்டினால் பெண்ணைப் பெற்றவளுக்குப் பிறந்த வீடு இல்லை என்று அர்த்தம். எனக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஆள் விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "எருதைப் பத்திச் சொன்னதை அந்தச் சந்தையிலயே வந்து இல்லைன்னு சொல்லச் சொல்லு" என்று பதில் வந்தது. இவரிடம் போய் அழுதேன். "எருது படுத்துச்சே, நான் என்ன பண்றது?" என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. அண்ணன் எங்கள் ஊர்ச் சந்தைக்கு வந்த இடத்தில் யாரோ உசுப்பேற்ற, ரேக்ளாப் பந்தயம் என்று நினைத்துக்கொண்டு சந்தை ரோட்டில் வண்டியை விரட்டியிருக்கிறார். தைப்பொங்கல் நோம்பிக்கு விற்க ஒரு பெண் பானைகளை அடுக்கி வைத்திருந்தாள். வண்டி அவற்றின்மேல் ஏறியது. ஒரு பானை மிச்சமில்லை. அவளுக்குக் காலும் முறிந்துவிட்டது. அண்ணன் வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார். போலீசு கேசு போட்டது. கேசு எங்கள் பெஞ்சு கோர்ட்டுக்கு வந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் காலையில் குமாஸ்தா வீட்டுக்கு வந்தார். "ஒரு சங்கதி சொல்லிப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க. உங்க மச்சானுக்கு வக்கீல் யோசனை சொல்லியிருக்காரு. இன்னிக்கே உங்களோட ராசியாயிடச் சொல்லி. ராசியாயிட்டா நீங்க நாளைக்கு மரத்தடிக்குப் போகோணும். மத்த ரெண்டு பேரும் உங்க மச்சானோட ஒண்ணாச் சந்தைக்கு மாடு புடிக்கப் போறவிங்க. ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க. அந்தப் பானைக்காரி பாடு அவ்வளவுதானுங்க" என்றார். என் வீட்டுக்காரர் குமாஸ்தாவுக்குக் காப்பி கொடுக்கச் சொன்னார்.

எனக்குப் பானையும் தெரியவில்லை, பானைக்காரியும் தெரியவில்லை. அண்ணன் வருகிறார் என்றது மட்டும் காதில் விழுந்தது. வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துத் தண்ணீர் மொண்டு வைத்தேன்.

சலங்கை கட்டிய வண்டியில் வந்து இறங்கினார் அண்ணன். இரண்டு வாழைத்தார், ஒரு கூடைப் பூ, மருமகளுக்குப் பட்டு. தெருவே கூடிவிட்டது, பார்க்கட்டும் என்றுதான் அப்படி வந்திருந்தார். என் வீட்டுக்காரர் நிலைப்படிக்கு உள்ளே நின்றார். அண்ணன் வெளியே நின்றார். "சௌக்கியமுங்களா மாப்பிள்ளை?" என்றார் அண்ணன். இவர் வாயைத் திறக்கவில்லை. தெருநாய்க்கு 'ங்க' போடுகிற மனுஷன், வாசலில் நின்ற மச்சானைப் பார்த்து வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றார். நெற்றியிலிருந்து வேர்வை சொட்டியது. "வாங்க" என்று சொல்லாமலிருப்பது அவருக்கு உயிர் போகிற வேலை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எனக்கு இரக்கம் வரவில்லை. "சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று பின்னாலிருந்து கெஞ்சினேன். அவர் திரும்பவேயில்லை.

பொறுக்க முடியாமல் அவரை இடித்துக்கொண்டு நானே முன்னால் வந்து, "வாங்கண்ணா, உள்ள வாங்க" என்று சொம்பை நீட்டினேன்.

அண்ணன் சொம்பை வாங்கவில்லை. "நீ சொன்னாச் செல்லாது அம்மிணி. நாளைக்குக் கோர்ட்ல கேப்பாங்க. அவரு சொல்லோணும்" என்றார்.

நான் கூப்பிட்டது என் அண்ணனை. வாசலில் வந்து நின்றது கேசில் மாட்டிய ஒருவர். சொம்பை என்ன செய்வதென்று தெரியாமல் நானே அந்தத் தண்ணீரைக் குடித்தேன். சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு அண்ணன் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். பூக்கூடையையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நானும் கோர்ட்டுக்குப் போனேன். மாஜிஸ்திரேட் சம்சாரம் வரக் கூடாது என்று சட்டம் ஒன்றுமில்லை. பானைக்காரி காலில் கட்டோடு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். அவள் சாட்சி சொல்லும்போது, "நான் பானை விக்க வந்தனுங்க சாமி. எருது வந்து மேல ஏறுமுன்னு தெரிஞ்சிருந்தா மரத்து மேல கடை வெச்சிருப்பனுங்க" என்றாள். தூங்குகிறவர்கூட விழித்துச் சிரித்துவிட்டார். அண்ணனுக்காகக் கோயமுத்தூரிலிருந்து வந்திருந்த வக்கீல் ஒரு கட்டுப் புத்தகங்களை மேஜைமேல் அடுக்கி வைத்திருந்தார். அண்ணன் அன்றைக்குச் சந்தைக்கே வரவில்லை, வந்தது வேறு வண்டி, எருது தானாக மிரண்டது என்று ஒன்றுக்கு மூன்றாகக் காரணம் வைத்திருப்பதாக வெளியே பேசிக்கொண்டார்கள்.

என் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு என் அண்ணனைப் பார்த்து அவர் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"வாங்க. ஏனுங்க, அன்னிக்கு வண்டியை வெரசா ஓட்டிட்டு வந்தது நீங்கதானுங்களா?"

வக்கீல் எழுந்தார். அதற்குள் அண்ணன், என்ன செய்கிறோம் என்று அறியாமலே கையைக் கட்டிக்கொண்டு, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார்.

"அந்தம்மா கால்ல வண்டி ஏறுனது தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"தெரிஞ்சும் நிறுத்தலீங்களா?"

அண்ணன் தலை குனிந்துகொண்டார். "தப்புத்தானுங்க" என்றார். வக்கீல் புத்தகங்களைக் கட்ட ஆரம்பித்தார். மற்ற இரண்டு நீதிபதிகளும் காப்பாற்றத் தயாராகத்தான் இருந்தார்கள். தானே ஒத்துக்கொண்டவனை எப்படிக் காப்பாற்றுவது? அபராதம் போட்டு, அதிலிருந்து பானைக்கும் வைத்தியத்துக்கும் அவளுக்குக் கொடுக்கச் சொன்னார்கள். அண்ணன் கட்டிவிட்டு, என்னைப் பார்க்காமல் போனார். வீட்டுக்கு வந்து நான் இவரைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது.

அடுத்த தடவை மாஜிஸ்திரேட்டுகளைப் பொறுக்கியபோது இவர் பெயர் இல்லை. நேர்மையில் குறை சொல்லவில்லை. ஊரோடு ஒத்துப்போகாதவர், சொந்த மச்சானையே வாசலில் நிற்க வைத்தவர், இப்படிப்பட்டவரிடம் ஜனங்களுக்கு எப்படி நம்பிக்கை வரும் என்று மேலிடத்துக்குக் கவலையாம். அந்த நாற்காலிக்கு எல்லாரோடும் பேசுகிற ஒருவரைப் போட்டார்கள். அவருக்குச் சம்பந்திகளே ஒரு தாலுகா அளவுக்கு இருந்தார்கள். வாழைத்தார்களுக்கு வழி தெரியும். அவை எங்கள் வீட்டைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போயின.

மகள் கல்யாணம் அதற்குப் பிறகுதான் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல மனுஷர்கள், சொன்ன சொல்லை மாற்றவில்லை. எங்கள் பக்கத்துப் பந்தலில்தான் ஆள் இல்லை. பெரியப்பன் மகனுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். இன்னொருவர் வீட்டுப் பசு கன்று போடுகிறதாம். பட்டம் கட்டும் நேரம் வந்தது. பட்டத்தைத் தட்டில் வைத்துக்கொண்டு ஐயர் "தாய்மாமன் வாங்கோ" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மகள் தலை நிமிரவில்லை. நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

பந்தல் வாசலில் ஆள் விலகினார்கள். அண்ணன் வந்தார்.

"வாங்க மச்சான், வாங்க, வாங்க" என்று என் வீட்டுக்காரர் ஓடினார். அவருக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அண்ணன் பதில் சொல்லாமல் மணவறைக்குப் போய் மருமகள் நெற்றியில் பட்டம் கட்டினார். முடிச்சுப் போட்டுவிட்டு அவள் தலையில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அழுகை பொங்கி வந்தது. தீர்ந்தது, எல்லாம் தீர்ந்தது என்று நினைத்து, முதல் பந்தியில் முதல் இலையை நானே விரித்துத் தண்ணீர் தெளித்தேன்.

அண்ணன் இவர் பக்கம் திரும்பினார். "நான் செஞ்சது தப்புன்னு நாலு பேர் முன்னால கேட்டீங்க. ஒத்துக்கிட்டேன். தேடி வந்தவனை வாசல்ல நிக்க வெச்சது தப்புன்னு நீங்களும் ஒத்துக்குங்க மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டுப் போறேன்."

ஒரு சின்னப் பொய்தான். 'தப்புத்தானுங்க' என்று அந்த ஊரில் அத்தனை பேரும் எத்தனையோ தடவை இவரிடம் சொன்னதுதான். சொல்லிவிடுங்கள் என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அது தப்பில்லீங்க மச்சான்" என்றார்.

யாரையும் மறுத்து அவர் அவ்வளவு கஷ்டப்பட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணன் தலையை ஆட்டினார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எங்கள் வீட்டில் கை நனைக்காமல் வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடி வண்டிச் சக்கரத்தைப் பிடித்தேன். "உடு அம்மிணி" என்றார். விட்டேன்.

அன்றைக்கு முதல் பந்தி முடிந்ததும், அண்ணனுக்குப் போட்ட வெறும் இலையை நான்தான் எடுத்தேன்.